கேக்கும் காஸ் வரிசையும்: இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் மட்டக்களப்பு வீட்டுத் தொழில் ஒன்றின் பேஸ்புக் பக்கம்

## பின்னணி

கல்லடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் ஒரு அக்காவின் தொழிலைப் பற்றிய குறிப்பு இது. பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். கையில் பிடிக்கும் பீற்றர் ஒன்றையும் இரண்டு தட்டுகளையும் வைத்துத் தொடங்கியவர், 2021 முடியும்போது குசினிக்குப் பின்னால் தனி அறை கட்டியிருந்தார். காஸில் எரியும் பெரிய அவன் ஒன்று, மின்சாரத்தில் ஓடும் சின்ன அவன் ஒன்று, உதவிக்கு வந்துபோகும் ஒரு பிள்ளை. கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஓடர் அத்தனையும் பேஸ்புக் பக்கத்தின் இன்பொக்ஸில்தான் வரும்.

அந்தப் பக்கத்தை மாதக் கூலிக்குப் பார்த்துக்கொண்டவன் நான். ஞாயிறு மாலை இருந்து ஒரு கிழமைக்கான பதிவுகளை எழுதி, படம் சேர்த்து, எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்து வைத்துவிடுவேன். பிறகு அவை தன்பாட்டில் போகும். வரும் ஓடரை அக்காவுக்கு போனில் சொல்வேன். விலையை ஒருநாளும் பக்கத்தில் போட்டதில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் 'இன்பொக்ஸ் பண்ணுங்க' என்ற ஒரே பதில்தான். பக்கத்துக்கு நிர்வாகி நான் மட்டும். அக்காவுக்குக் கடவுச்சொல்கூடத் தெரியாது, அவர் கேட்டதும் இல்லை. இது எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னால் தெரியவந்தது.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஊரில் இருப்பவர்கள். மற்றப் பாதி லண்டன், கனடா, சுவிஸ் என்று இருந்துகொண்டு, இங்கே இருக்கும் அம்மாவுக்கோ மருமகப் பிள்ளைக்கோ கேக் அனுப்பச் சொல்பவர்கள். கேக் போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும், அதுவும் விலைக்குள் அடக்கம்.

## பெப்ரவரி, மார்ச்: நீக்கிய ஒரு கருத்து

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் வீடுகளில் காஸ் கசிந்து அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன. அந்தப் பயம் தணிவதற்குள் காஸ் தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. 2022 மார்ச் 7இல் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைத்திருந்த கையை மத்திய வங்கி எடுத்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. அதே மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபாயானது. மார்ச் 30இல் 10 மணி நேரமும் 31இல் 13 மணி நேரமும் மின்வெட்டு.

பக்கத்தில் இவை ஒன்றுமே இல்லை. மூன்று தட்டுக் கேக், ரோஜாப் பூ ஐசிங், 'உங்கள் இனிய தருணங்களுக்கு' என்ற வாசகம், அவ்வளவுதான். கஷ்டக் காலத்தில் மனதுக்கு இதமாக ஏதாவது போட வேண்டும் என்பது என் எண்ணம். பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் கருத்துகளின் குரல் மாறியது. முன்பு 'வாவ்' என்று எழுதியவர்கள் சும்மா இருந்தார்கள். புதிதாகச் சிலர் கோப முகம் மட்டும் அழுத்திவிட்டுப் போனார்கள். இதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

மார்ச் கடைசிக் கிழமையில் ஒருவர், 'காஸ் வரிசையில ஒருநாள் நிண்டு பாத்திட்டு வந்து இதப் போடுங்க' என்று எழுதினார். நான் அதை நீக்கினேன். அவர் நீக்குவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தார். ஊர்க் குழு ஒன்றில் அதைப் போட்டார். இரவுக்குள் அந்தப் பதிவு அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "அவர் சொன்னதில என்ன பிழை தம்பி? நானும் நேத்து விடிய நாலு மணிக்கு அந்த வரிசையிலதானே நிண்டன்" என்றார்.

எனக்கு அது தெரியாது. வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலி போட்டு முன்னால் இருந்தவரின் சிலிண்டரோடு பூட்டிவிட்டு, மதில் ஓரம் குந்தியிருந்து மா, சீனி கணக்குப் பார்த்திருக்கிறார் மனுசி. அவருடைய பக்கத்தை நடத்திய நானோ அதே காலையில் ரோஜாப் பூ ஐசிங் போட்டேன். பக்கம் ஊரிலிருந்து விலகிப் போனது என்பதுகூட இரண்டாவது விஷயம். அது முதலில் தன் உரிமையாளரிடமிருந்தே விலகிப் போயிருந்தது.

## ஏப்ரல் 2, 3: பக்கம் கைவிட்டுப் போன நாள்

ஏப்ரல் 2 சனிக்கிழமை மாலை 6 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை நாடு முழுவதும் ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு கேக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஏற்கெனவே செய்தாயிற்று. நான்கு பேரில் இருவரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது, அழைத்துச் சொன்னேன். மற்ற இருவருக்கும் பேஸ்புக் பெயர் மட்டும்தான். இன்பொக்ஸில் எழுதினேன், பார்க்கவில்லை. சரி, காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் பேஸ்புக் இல்லை. வட்ஸ்அப் இல்லை, வைபர் இல்லை. நள்ளிரவோடு சமூக ஊடகங்களை முடக்கிவிட்டார்கள். மாலை மூன்றரை வரை அப்படியே கிடந்தது.

11 மணி போல லண்டனில் இருக்கும் அக்காவின் தங்கை சாதாரண அழைப்பில் வந்தார். "அங்க ஊரடங்கு எண்டு நியூஸ் ஓடுது. உங்கட பேஜ்ல 'பன்னிரண்டு மணிக்கு முந்தி ஓடர் பண்ணினா இண்டைக்கே வீட்டு வாசல்ல' எண்டு கிடக்கு. என்ன இது?"

முந்தைய ஞாயிறு நான் குறித்து வைத்த பதிவு. இங்கே எங்களுக்குக் கதவு மூடியிருந்தாலும் பேஸ்புக்கின் கணினி தன் வேலையைச் சரியாக 9 மணிக்குச் செய்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள், முடக்கத்தைத் தாண்ட உதவும் வி.பி.என் செயலி வைத்திருந்த ஊர்ப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள், எழுதியவனால் மட்டும் பார்க்க முடியவில்லை. அதை அழிக்க ஒரே நிர்வாகி நான், என் போனில் வி.பி.என் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்தது என்று அடுத்த நாள்தான் அறிந்தேன். பதிவு வெளியே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே நாலரை மணி நேரம் சும்மா இருந்தேன். திறந்தபோது நாற்பதுக்கு மேல் கருத்துகள். சில கிண்டல், சில வசை. ஒன்றில் மட்டும், 'இவர்களுக்கு என்ன ஆனது, யாராவது போய்ப் பார்த்தீர்களா' என்று இருந்தது.

செய்து முடித்த கேக்குகளில் ஒன்று வவுணதீவுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு, பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். பெட்டி குளிர்சாதனப் பெட்டிக்குள் கொள்ளவில்லை. அக்கா ஈரத் துணி சுற்றி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்திருந்தார். ஏப்ரல் வெயிலுக்கு அது காணாது. திங்கள் காலை பெட்டியைத் திறந்தபோது பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து வழிந்து கேக்கின் விளிம்பு வரை இறங்கியிருந்தது. ஏழு மணிக்கு அந்தத் தகப்பன் பாலம் தாண்டி வந்தார். "ஒரு கோல் எடுத்திருக்கலாமே" என்றார். முற்பணத்தை அக்கா திருப்பிக் கொடுத்தார். கேக்கைச் சும்மா தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டுப் போய்விட்டார்.

இதில் எனக்கு இன்னொரு வெட்கம் உண்டு. சமூக ஊடக முடக்கம் எங்களுக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது நடந்தது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்தன, மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் அதில் ஒன்று. அப்போதும் நாட்கணக்கில் பேஸ்புக் இல்லை. இரண்டு தரம் அனுபவித்தும் வாடிக்கையாளரின் எண்ணை ஒரு கொப்பியில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

## எடுத்த முடிவுகள்

திங்கள் பின்னேரம் அக்கா, அவருடைய அம்மா, நான் மூவரும் குசினியில் இருந்து பேசினோம். பேச்சு ஒழுங்காகப் போகவில்லை. நடுவில் அரிசி வடித்தார்கள். முடிவுகள் சில அன்றே எடுத்தவை, சில அடுத்த கிழமைகளில் வந்தவை.

குறித்து வைத்த பதிவுகள் அனைத்தையும் நீக்கினோம். இனி ஒரு பதிவு போக வேண்டுமென்றால் அன்று காலை அக்காவோடு பேசிய பிறகுதான். லண்டன் தங்கையை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்தோம். இங்கே மூடினால் அங்கிருந்து கை வைக்க ஒருவர் வேண்டும். மூன்றாவது, அக்காவே. ஓடர் எடுக்கும்போது எண் தராதவருக்கு ஓடர் இல்லை என்று வைத்து, எண்கள் எல்லாம் ஒற்றை வரிக் கொப்பி ஒன்றில் ஏறின.

பதிவின் தன்மையும் மாறியது. அக்காவின் மகளுடைய பழைய சிலேற்றுப் பலகையில் தினமும் காலை அக்கா தன் கையால் எழுதுவார்: 'இன்று பட்டர் கேக் மட்டும். ஐசிங் இல்லை. 2 மணிக்குக் கரண்ட் போகும், ஓடர் 11 வரை. கிலோ 2,400.' அதைப் படம் பிடித்து, அதே வரிகளைப் பதிவிலும் எழுத்தாகப் போட்டேன். மின்வெட்டு நீண்டால் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கி சிக்னல் மெலிந்துவிடும், படம் திறக்காது. எழுத்து மட்டும் எப்படியாவது வந்து சேரும்.

விலையைப் பகிரங்கமாகப் போடுவதில்தான் நிறைய இழுபறி. அக்காவுக்கு விருப்பமில்லை, மற்ற கேக்காரர்கள் பார்ப்பார்கள் என்றார். என் வாதம் வேறு: விலை கிழமைக்குக் கிழமை ஏறும்போது இன்பொக்ஸில் ஒருவருக்கு ஒரு விலை, பத்து நாள் கழித்து இன்னொருவருக்கு வேறு விலை சொன்னால், அந்த இருவரும் சந்திக்கும் நாளில் நாங்கள் கள்ளர். ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675இலிருந்து 4,860 ரூபாய்க்கு ஏறியது. அன்றுதான் அக்கா சம்மதித்தார். விலைக்குப் பக்கத்தில் திகதியும், 'மூன்று நாளைக்கு இந்த விலை' என்ற வரியும் சேர்த்தோம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் இது உதவியது. ரூபாயில் விலை கூடியதைப் பார்த்து 'இப்படியா ஏத்துவீங்க' என்று கேட்டவர்களே, தங்கள் பவுண்ஸில் கணக்குப் பார்த்தபோது பெரிதாக மாறவில்லை என்று கண்டார்கள்.

காசு கொடுத்துப் பதிவைப் பரப்புவதை நிறுத்தினோம். கட்டணம் டொலரில். அதைவிட, வருகிற ஓடரையே செய்ய முடியாத நேரத்தில் காசு கொடுத்து ஓடர் தேடுவதில் அர்த்தமில்லை.

அரசியல் பற்றிப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டம் சூடாக இருந்தபோது 'நீங்கள் ஏன் பகிரவில்லை' என்று சிலர் கேட்டார்கள். தெற்கில் புதிதாகக் கண்ட வரிசையையும் இருட்டையும் எங்கள் பக்கத்து ஆட்கள் யுத்த காலத்தில் வருடக்கணக்காகக் கண்டவர்கள். அக்காவின் அம்மா, "மனே, இது நாங்க காணாததா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அக்காவுக்கு ஒரு கருத்து இருந்தது, அதைத் தன் சொந்தக் கணக்கில் எழுதினார். பக்கத்தின் மௌனத்தையும் ஒரு பக்கம் சாய்ந்ததாகச் சிலர் வாசித்தார்கள். அதற்கு எங்களிடம் மருந்து இருக்கவில்லை.

## விறகடுப்பு

சித்திரைப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருந்தது. காஸ் இல்லை, கரண்ட் நம்ப முடியாது. கேக் ஓடரை எடுக்கவே பயம். அப்போது அக்காவின் அம்மாதான் சொன்னார்: "காஸ் வந்தது நேத்து மனே. விறகடுப்பு எப்பவும் இரிக்கிதானே."

பின்வளவில் மூன்று கல் வைத்து, கொக்கிஸ், முறுக்கு, அரியதரம், பயற்றம் உருண்டை. நான் போய் எடுத்த முதல் படம் சரியாகவே வரவில்லை, புகை. அம்மா அச்சை மாவில் தோய்த்து எண்ணெய்க்குள் இறக்கி, ஒரு நொடி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டினார். கொக்கிஸ் பூவாகக் கழன்று மிதந்தது. அந்தச் சுண்டலில் கை மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் புகையாகவும் ஒரு படம் இருந்தது. அழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்றேன், அக்கா விடவில்லை. அதோடு சென்ற வரிகள்: 'காஸ் இல்லை. அம்மாவின் விறகடுப்பில் செய்கிறோம். ஒரு நாளைக்கு இருபது பொதிக்கு மேல் முடியாது.'

பக்கத்தில் அதுவரை வந்த எந்த மூன்று தட்டுக் கேக்குக்கும் அவ்வளவு கருத்து வந்ததில்லை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, பலர் தங்கள் அம்மம்மாவின் அச்சைப் பற்றி எழுதினார்கள். பொதிகள் மூன்று நாளில் முடிந்தன. 'இருபதுக்கு மேல் முடியாது' என்ற வரிதான் ஓடரைத் தந்தது என்று நான் அக்காவிடம் வாதாடினேன். அவர் கொக்கிஸ்தான் என்றார்.

## மே: நான் பரப்பிய வதந்தி

பக்கத்தை ஊரோடு சேர்க்கிறேன் என்ற உற்சாகத்தில் ஒரு தடவை எல்லை தாண்டினேன். மே மாதத்தில் ஒரு காலை, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் காஸ் லொறி வருகிறது என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பக்கத்தில் போட்டேன். லொறி வரவில்லை. எங்கள் பதிவை நம்பி நாவற்குடாவிலிருந்து ஒரு வயதான அம்மா சிலிண்டரை ஓட்டோவில் ஏற்றிப் போய் மத்தியானம் வரை நின்றிருக்கிறார். அவருடைய மகன் எழுதினார். ஓட்டோக் கூலியையும் எழுதினார்.

இந்தத் தடவை கருத்தை நீக்கவில்லை. பிழையான பதிவை அழிக்காமல், அதன் மேலேயே 'இது பொய்யான செய்தி, விசாரிக்காமல் போட்டது எங்கள் பிழை' என்று சேர்த்தேன். ஓட்டோக் கூலியை அக்கா கொடுக்க முயன்றார், மகன் வாங்கவில்லை. அதன் பிறகு, எங்களில் ஒருவர் கண்ணால் பார்த்தது மட்டுமே பக்கத்துக்கு வரும் என்று வைத்தோம். இதனால் சில உண்மையான செய்திகளும் எங்களிடம் பிந்தி வந்தன, பரவாயில்லை.

அதே மாதங்களில் லண்டன், கனடாவிலிருந்து சிலர், ஊரில் கஷ்டப்படும் வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கச் சொல்லி அக்காவுக்குப் பணம் அனுப்பினார்கள். கொடுக்கும்போது படம் எடுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா மறுத்தார். பணம் தந்தவருக்குக் கணக்கு வேண்டும் என்பதும் நியாயம்தான். எனவே கடைப் பற்றுச்சீட்டையும் அடுக்கி வைத்த பைகளையும் மட்டும் படம் எடுத்து, அனுப்பியவருக்குத் தனியாக அனுப்பினோம். வாங்கியவர்களின் முகம் எதிலும் இல்லை. இருவர் இதை ஏற்கவில்லை, பிறகு அனுப்பவில்லை.

## ஜூன், ஜூலை

மே 24இல் பெற்றோல் லீற்றர் 420, ஜூன் 26இல் 470. ஜூன் கடைசியிலிருந்து இரண்டு கிழமை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். ஓட்டோவில் கேக் அனுப்புவது முடிந்தது. சைக்கிள்தான். கல்லடிப் பாலத்திலிருந்து அரசடி வரை கொண்டுபோய்க் கொடுப்போம், அதற்கு அப்பால் உள்ளவர்கள் அரசடியில் ஓர் உறவினர் வீட்டில் வந்து எடுக்க வேண்டும். இரண்டு தட்டுக் கேக்கை சைக்கிளில் கொண்டுபோக முடியாது என்பதால் அதைப் பலகையிலிருந்தே எடுத்துவிட்டோம். எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைக்கத் தொடங்கிய பிறகு தூர இடங்களுக்குச் சனிக்கிழமை மட்டும் என்று வைத்தோம்.

## விளைவு

தொழில் நிற்கவில்லை. வருட முடிவில் கேக் ஓடர் முன்னைய அளவில் பாதிக்குச் சற்று மேல். மீதியைப் பலகாரம் நிரப்பியது. பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் கூடவில்லை என்றே சொல்லலாம். கொப்பியில் 200க்கு மேற்பட்ட எண்கள் சேர்ந்திருந்தன. விலையைப் பகிரங்கமாகப் போட்டதில் ஒரு நட்டமும் உண்டு: எங்களிடம் மொத்தமாக வாங்கி விற்ற கடை ஒன்று விலகியது, அவர்கள் வைத்த இலாபம் வெளியே தெரிந்துவிட்டது. உதவிக்கு வந்த பிள்ளையை ஜூனில் நிறுத்த வேண்டி வந்தது. தினமும் பலகையில் உண்மை எழுதிய நாங்கள் அதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்பதில் அக்காவும் நானும் இன்றும் ஒத்துப்போகவில்லை.

வவுணதீவுக் குடும்பம் திரும்ப ஓடர் தரவில்லை.

## இன்று செய்தால் எதை மாற்றுவேன்

வேலையை எடுத்த முதல் நாளே அக்காவை நிர்வாகியாக்கியிருப்பேன். பக்கம் அவருடையது, சாவி என்னிடம் மட்டும் இருந்தது முறையல்ல. மாதத்தில் ஒரு காலையாவது அந்த வீட்டுக் குசினியில் இருந்திருப்பேன். வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் அந்நியர் ஒருவர் கருத்து எழுதிய பிறகுதான் அறிந்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. வசை என்றால் நீக்கலாம். குறை சொல்லும் கருத்துக்குப் பதில் எழுத வேண்டும், அதுவும் அக்காவைக் கேட்டு.

பதிவுகளை நேரம் குறித்து வைப்பதை முழுதாக விடவில்லை, ஆனால் ஒரு நாளுக்கு மேல் முன்னால் வைப்பதில்லை. சமூக ஊடகம் மூடினால் யார் யாரை அழைப்பது என்பது கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. கொப்பிக்கு ஒரு பிரதி என் வீட்டில்.

2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெள்ளம் வந்தபோது அந்தக் கிழமைக்குக் குறித்து வைத்த பதிவு ஒன்றும் இருக்கவில்லை. அக்கா கொப்பியைத் திறந்து பதினொரு பேரை அழைத்தார். ஒன்பது பேர் எடுத்தார்கள். மற்ற இருவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, முற்பணத்தைத் தனித்தனி உறையில் போட்டு பெயர் எழுதி வைத்தார். அன்று பலகையில் எழுதியது ஒரே வரி: 'இன்று அடுப்பு மூட்டவில்லை.'